22 தோட்டக்காரர்களும் ஒரு கழிப்பறைச் சுவரும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வாலில், மெவகிஸி என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஹெலிகன் என்ற பழைய பெருநிலம். 1990 பிப்ரவரியில் அதற்கு வாரிசாகியிருந்த ஜான் வில்லிஸும், இசைத்தட்டுத் தொழிலை விட்டுவிட்டுக் கார்ன்வாலுக்குக் குடிவந்திருந்த டிம் ஸ்மிட்டும் வெட்டுக்கத்தியோடு அங்கிருந்த புதருக்குள் இறங்கினார்கள். சில வாரங்களுக்கு முன்புதான், ஜனவரி 25 அன்று, பெரும் புயல் ஒன்று அடித்து ஓய்ந்திருந்தது. சாய்ந்த மரங்கள், அவற்றின் மேல் முட்கொடி, முட்கொடிக்கு மேல் ஐவி என்ற படர்கொடி. உள்ளே தோட்டம் இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

வெட்டிக்கொண்டே போகப் போகச் செங்கல் மதில்கள் கிடைத்தன. அப்புறம் கண்ணாடி எல்லாம் உதிர்ந்துபோன கண்ணாடி வீடுகள். மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றின் மூலையில், இடிபாடு மூடிக் கிடந்த சின்ன அறை ஒன்றும் கிடைத்தது. அது தோட்டக்காரர்களின் கழிப்பறை. இப்படிப்பட்ட கழிப்பறையை ஆங்கிலேயர் வேடிக்கையாக ‘தண்டர்பாக்ஸ்’ என்பார்கள். இடிப்பெட்டி என்று சொல்லிப் பார்த்தால் வேடிக்கை என்ன என்பது நமக்கும் புரிந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் ஒரு வாசகம்: தூங்கவும் சோம்பிக் கிடக்கவும் இங்கே வராதே. கூடவே, மங்கிப்போன கையெழுத்துகள் சில. தேதி, 1914 ஆகஸ்ட். பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிய மாதம் அது.

போருக்கு முன் ஹெலிகனில் 22 தோட்டக்காரர்கள் வேலை பார்த்தார்கள். 1916-இல் 8 பேர்தான். போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

பாழடைந்த மாளிகைகளைப் பற்றிய கட்டுரைகளிலும் படங்களிலும் ‘காலத்தின் கோலம்’ என்ற தொனி எப்போதும் இருக்கும். காலம் கட்டடத்தைத் தின்றுவிட்டதாம். ஹெலிகனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. ஏனென்றால் அங்கே பெரிய வீடு இடியவே இல்லை. 1970-களில் அதைக் குடியிருப்புகளாகப் பிரித்து விற்றார்கள். அதில் ஆட்கள் விளக்கேற்றி, சமைத்து, வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் தோட்டமும் அதன் கட்டடங்களும் காட்டுக்குள் முழுகிக்கொண்டிருந்தன. காலம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஓர் இடத்தில் கை இருந்தது, இன்னொன்றில் இல்லை.

எந்த எஸ்டேட்?

எஸ்டேட் என்றதும் நமக்கு வால்பாறையும் நீலகிரியும்தான் நினைவுக்கு வரும். தேயிலைச் சரிவு, தொழிலாளர்களின் லைன் வீடுகள், மேலே துரை பங்களா. இங்கிலாந்தின் நாட்டுப்புற எஸ்டேட் வேறு மாதிரி. ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாக அதன் கையில் இருக்கும் நிலம், குத்தகைக்கு உழும் விவசாயிகள், நடுவில் பெரிய வீடு. நம் ஜமீனோடு ஒப்பிடலாம், ஆனால் முழுதாகப் பொருந்தாது. ஹெலிகனை ட்ரிமெய்ன் குடும்பம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து வைத்திருந்தது.

அந்த வீடு தனியாக நிற்கவில்லை. ரொட்டிக்கு மாவு, பால், வெண்ணெய், காய்கறி, பழம், தேன், வேட்டைக் கறி, விறகு, குதிரை, துவைத்த துணி எல்லாமே நிலத்திலிருந்து வரவேண்டும். ஆகவே பெரிய வீட்டைச் சுற்றி ஒரு சின்ன ஊரே இருக்கும். குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, பால் கட்டடம், சலவைக்கூடம், புறாக்கூடு, சுட்ட பறவைகளைத் தொங்கவிடும் காற்றோட்டமான கறி அறை, காளான் வளர்க்கும் இருட்டறை, கல்யாணமாகாத இளம் தோட்டக்காரர்கள் தங்கும் அறை, கொதிகலன் குழி. ஹெலிகனில் தேன்கூடை வைப்பதற்காகவே சுவரில் வரிசையாக மாடங்கள் கட்டியிருக்கிறார்கள், நம் வீடுகளின் விளக்கு மாடம் போல.

ஐஸ் ஹவுஸும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கடற்கரைக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இங்கிலாந்துப் பண்ணைகளில் பனிக்கட்டி கப்பலில் வரவேண்டியதில்லை. குளிர்காலத்தில் ஏரி உறையும்போது வெட்டி எடுத்து, மண்மேட்டுக்குள் முட்டை வடிவில் கட்டிய செங்கல் குழியில் வைக்கோல் சுற்றிப் போட்டு மூடிவிடுவார்கள். அடியில் உருகும் தண்ணீர் வடிய வழி இருக்கும். கோடை வரை தாங்கும். இன்று காட்டுக்குள் நடக்கிறவர்கள் அதைச் சின்னக் குன்று என்று நினைத்து மேலே ஏறுவதும், உச்சி தளர்ந்திருந்தால் உள்ளே விழ இருப்பதும் நடக்கிறது. குழியின் ஆழம் ஒரு கிணறு அளவுக்குக்கூட இருக்கலாம்.

இந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அன்னாசிக் குழி. இங்கிலாந்தின் குளிரில் அன்னாசி விளையாது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு தன் தோட்டத்தில் விளைந்த அன்னாசியை மேசையில் வைப்பது இன்று ஒருவர் சொந்த விமானத்தில் வந்து இறங்குவது மாதிரி. ஸ்காட்லாந்தில் டன்மோர் என்ற இடத்தில் தோட்டத்துக் கட்டடத்தின் உச்சியையே பிரம்மாண்டமான கல் அன்னாசியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹெலிகன் குழி இப்படி இயங்கும்: பக்கம் பக்கமாக மூன்று பள்ளங்கள். நடுப்பள்ளத்தில் கண்ணாடி மூடிக்குக் கீழே செடிகள். இருபுறப் பள்ளங்களிலும் புதுக் குதிரை லத்தியை நிரப்புவார்கள். லத்தி மக்கும்போது சூடு கிளம்பும். இடைச் சுவரில் செங்கற்களுக்கு நடுவே விட்டிருக்கும் துவாரங்கள் வழியாக அந்த வெப்பம் நடுப்பள்ளத்துக்குப் போகும். சூடு குறைய ஆரம்பித்தால் லத்தியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஒரு பழம் கைக்கு வர இரண்டு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதுவரை ஒருவர் இரவும் பகலும் அந்தச் சூட்டைக் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொல்லிமலைச் சாலையோரம் அன்னாசியைக் கூடை கூடையாகக் குவித்து விற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தக் குழியைப் பார்த்தால் எஸ்டேட்டின் கணக்கு முழுக்க விளங்கிவிடும். குதிரை இருந்தால்தான் லத்தி, ஆள் இருந்தால்தான் குதிரை, கூலி மலிவாக இருந்தால்தான் ஆள். நடுவில் ஒன்று அறுந்தால் குழி வெறும் பள்ளம்.

கோதுமையில் தொடங்கிய சரிவு

அறுந்தது எப்போது? போரைச் சொல்வது சுலபம். ஆனால் 1914-க்கு முன்பே பல எஸ்டேட்டுகள் உள்ளுக்குள் காலியாகியிருந்தன. 1870-களின் கடைசியில் அமெரிக்கப் புல்வெளிகளின் கோதுமை ரயிலும் நீராவிக் கப்பலும் ஏறி லிவர்பூலுக்கு வந்து குவிந்தது. 1882-இல் நியூசிலாந்திலிருந்து உறையவைத்த ஆட்டிறைச்சி முதன்முதலாகக் கப்பலில் லண்டன் வந்து சேர்ந்தது. உள்ளூர்த் தானியத்தின் விலை விழுந்தது, குத்தகை விழுந்தது. குத்தகையை நம்பி நின்ற வீடுகள் கடன் வாங்க ஆரம்பித்தன.

அடுத்தது வரி. 1894-இல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் எஸ்டேட் டியூட்டி கொண்டுவந்தார். செத்தவர் விட்டுப்போன சொத்தின் மீது வரி. (இந்தியாவிலும் 1953 முதல் 1985 வரை இதே பெயரில் ஒன்று இருந்தது.) ஆரம்பத்தில் உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 40. 1949-இல் 80. அப்பா, மகன் என்று சின்ன இடைவெளியில் இரண்டு சாவு விழுந்தால், சலுகைகள் போகவும் நிலத்தை விற்காமல் வரி கட்ட வழியில்லை. நிலத்தை விற்றால் குத்தகை இல்லை. குத்தகை இல்லாவிட்டால் வீட்டுக் கூரைக்கு யார் காசு கொடுப்பது?

வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிரபுக்களின் வாரிசுகள் சொல்வது வழக்கம். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். வேலைக்காரர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. போர் அவர்களை ஊரை விட்டு வெளியே கூட்டிப்போனது. திரும்பி வந்தவர்களுக்குத் தொழிற்சாலை வேலை தெரிந்திருந்தது, அங்கே கூலி கூடுதல், மாலையில் வீட்டுக்குப் போகலாம், எஜமானியம்மாள் மணியடித்தால் ஓட வேண்டியதில்லை. பெண்களுக்கும் அப்படித்தான். ஆக எஸ்டேட் செத்ததில் பாதி, அங்கே உழைத்தவர்களுக்கு வேறு வழி பிறந்ததால்தான். பாழடைந்த சலவைக்கூடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், சலவைச் சோடாவில் வெந்துபோன கைகளோடு அங்கே நின்ற பெண் அதை எப்படிப் பார்த்திருப்பாள் என்றும் யோசிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவமும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரிய வீடுகளை எடுத்துக்கொண்டன. ஹெலிகனில் அமெரிக்கப் படையினர் தங்கினார்கள். முதல் போரிலேயே அந்த வீடு காயம்பட்ட அதிகாரிகள் உடல்தேறும் மருத்துவமனையாக இருந்தது. அப்போதைய உரிமையாளர் ஜாக் ட்ரிமெய்ன் 1923-இல் இத்தாலிக்கே குடிபோய்விட்டார். ராணுவம் திருப்பிக் கொடுத்த பல வீடுகளைப் பழுது பார்க்கும் செலவு அவற்றின் விலையைவிட அதிகம். இடிப்பது மலிவு. 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 1,200-க்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் தரைமட்டமாயின. 1955-இல் ஐந்து நாளைக்கு ஒன்று வீதம் இடித்தார்கள். 1974-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவையே ஒரு கண்காட்சியாக வைத்த பிறகுதான் பொதுமக்கள் கவனம் திரும்பியது.

இடிக்காமலே அழித்ததும் உண்டு. டெர்பிஷரில் சட்டன் ஸ்கார்ஸ்டேல் ஹால் என்ற மாளிகையை 1919-இல் வாங்கிய வியாபாரிகள் அதை உரித்து விற்றார்கள். 1920-இல் கூரை போய்விட்டது. அறைகளின் மரச்சுவர்களையும் வேலைப்பாடுகளையும் கழற்றிக் கப்பலேற்றினார்கள். மூன்று அறைகள் இன்றைக்கு அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீட்டைப் பார்க்க டெர்பிஷருக்கும், அதன் வரவேற்பறையைப் பார்க்க அமெரிக்காவுக்கும் போகவேண்டும். ஸ்காட்லாந்தில் இன்னொரு தந்திரம். அந்த நாளில் கூரையில்லாத கட்டடத்துக்கு உள்ளாட்சி வரி இல்லை. ஆகவே சொந்தக்காரர்களே கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அங்கே வானம் பார்த்து நிற்கும் சுவர்களைக் கண்டு கற்பனையை ஓடவிடுமுன் வரிச் சீட்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

பாக் துரையின் வீடு

இந்தக் கதையில் தமிழ்க் கடலோரத்துக்கும் ஒரு நூல் ஓடுகிறது. ராமேஸ்வரம், தொண்டிப் பக்கத்து மீனவர்கள் தினமும் வாயில் போட்டுப் புழங்கும் ‘பாக் நீரிணை’யில் இருக்கும் பாக், ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயர். டெவன் மாவட்டத்துச் சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கப்பற்படைப் பாதிரியாராக இந்தியா வந்து, 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்தவர். பெரும் பணத்தோடு ஊர் திரும்பி, எக்ஸிடர் நகருக்குப் பக்கத்தில் ஹால்டன் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அவருடைய நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே படை நடத்தியவர். லாரன்ஸ் செத்த பிறகு, அவர் நினைவாக 1788-இல் ஹால்டன் குன்றின் மேல் பாக் ஒரு முக்கோணக் கோபுரம் கட்டினார்.

பாக் குடும்பம் பிற்பாடு பிரபுப் பட்டம் வாங்கியது, பிறகு கடனில் விழுந்தது. எஸ்டேட் கைமாறியது. 1920-களில் ஹால்டன் மாளிகையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஒரு சிறகு மட்டும் மிஞ்சி விடுதியானது. குன்றின் மேல் கோபுரம் இருக்கிறது. 1990-களில் பழுது பார்த்திருக்கிறார்கள். ஆர்க்காட்டு அரசியலில் சேர்ந்த பணம் டெவனில் கல்லாகி, ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்தில் பெரும்பாலும் போய்விட்டது. பெயர் மட்டும் நம் கடலில் மிதக்கிறது. இங்கிலாந்துப் பெருநிலங்களுக்கான முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், சில இடங்களில் வங்காளம், சில இடங்களில் சென்னை, நிறைய இடங்களில் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகள் என்று பதில் வரும்.

தண்ணீர், அப்புறம் செடி

சரி, ஆட்கள் போன பிறகு கட்டடத்துக்கு என்ன நடக்கிறது? செடி வந்து இடித்துவிடுகிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். செடி கடைசியில்தான் வருகிறது. முதல் குற்றவாளி, கூரையோர வாய்க்காலில் அடைத்துக்கொண்ட ஒரு கைப்பிடி இலை.

இலையுதிர் காலத்தில் வருடா வருடம் ஒருவர் ஏணி போட்டு ஏறி அந்த இலையை அள்ளிப் போடுவார். அவர் வராத வருடம், மழைநீர் வாய்க்காலில் தேங்கி வழிந்து சுவருக்குள் இறங்கும். சுவரில் பதிந்திருக்கும் உத்தரத்தின் நுனி ஈரமாகும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பூஞ்சை அதில் பிடிக்கும். ஆங்கிலேயர் அதை டிரை ராட் என்பார்கள். அறிவியல் பெயரில் இருக்கும் ‘லாக்ரிமான்ஸ்’ என்ற சொல்லுக்கு ‘அழுகிற’ என்று பொருள், அதன் மேல் கண்ணீர் போல நீர்த்துளிகள் பூப்பதால். இந்தப் பூஞ்சை நூல் நூலாகச் சுவருக்குள் ஊர்ந்து போய் அடுத்த மரத்தைப் பிடிக்கும். மேலே தரை பார்க்க நன்றாகவே இருக்கும். காலை வைத்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

இதே நேரம் கூரையின் ஸ்லேட் ஓடுகளைப் பிடித்திருக்கும் இரும்பாணிகள் துருப்பிடித்து அறுகின்றன. ஓடு கெடவில்லை, ஆணி கெட்டுப்போய் ஓடு சறுக்குகிறது. ஈயத் தகட்டை யாராவது திருடிப் போனால் ஒரே மழைக்காலத்தில் பத்து வருடத்து அழிவு நடந்துவிடும். கண்ணாடி வீடுகள் இன்னும் சீக்கிரம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு காய்ந்து உதிர்கிறது, வெள்ளைப் பெயிண்ட் அடிக்காத மரச்சட்டம் ஊறுகிறது, ஒரு சில்லு விழுந்தால் காற்று உள்ளே புகுந்து மற்றதையும் தூக்கிவிடுகிறது.

பிறகுதான் பச்சை. கோபுரத்து இடுக்கில் பறவை எச்சத்தோடு விழுந்த ஆலம் விதை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஆல், அரசு இல்லை. அந்த வேலையைச் சைகமோரும் ஆஷ் மரமும் பட்லியா என்ற சீனத்துப் புதரும் பார்க்கின்றன. பட்லியாவின் விதை தூசி போல் பறக்கும். பழைய சுண்ணாம்புக் காரை அதற்கு நல்ல மண். தரையில் பிராம்பிள் முட்கொடி வில்லாக வளைந்து, நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, அங்கிருந்து அடுத்த வில்லை எறியும். இப்படித் தாண்டித் தாண்டியே சில வருடத்தில் ஒரு தோட்டத்தை மூடிவிடும்.

ஐவியை எல்லோரும் திட்டுவார்கள். அது பாதிதான் நியாயம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்காகச் செய்த ஆய்வில், உறுதியான சுவரின் மேல் படர்ந்த ஐவி ஒரு போர்வை போல வெப்பநிலை ஏற்ற இறக்கத்தையும் உறைபனியையும் குறைக்கிறது என்று கண்டார்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில் அது வேரூன்றினால்தான் ஆபத்து. பழைய இடிபாட்டில் ஐவியை ஒரே நாளில் பிடுங்கினால் சுவரும் கூடவே வந்துவிடுவதுண்டு, ஏனென்றால் அந்த நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே ஐவிதான்.

நட்டவர்களே கொண்டுவந்த எமன், ரோடோடெண்ட்ரான் பான்டிகம். நீலகிரிச் சோலைகளில் காட்டுப் பூவரசு என்பார்களே, அதன் உறவு. காட்டுக்கோழியின் உறவான ஃபெசன்ட் போன்ற வேட்டைப் பறவைகள் பதுங்குவதற்காகப் பிரபுக்கள் இதை வரிசையாக நட்டார்கள். ஜோசப் ஹூக்கர் 1840-களின் கடைசியில் சிக்கிமிலிருந்து அனுப்பிய விதைகளால் பெரிய மோகம் கிளம்பியபோது, அந்த இமயமலை வகைகளை ஒட்டுக் கட்டவும் பான்டிகத்தின் அடிமரத்தையே பல தோட்டங்களில் பயன்படுத்தினார்கள். கவனிக்க ஆள் இல்லாதபோது ஒட்டு செத்தது, அடிமரம் தழைத்தது. அதன் அடர்ந்த நிழலில் வேறு எதுவும் முளைக்காது. காடு மூடிய எஸ்டேட் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி காடே இல்லை, அவிழ்த்து விடப்பட்ட தோட்டம்.

புதரைப் படிப்பது

அதனால்தான் இப்படிப்பட்ட இடத்தில் நடக்கும்போது கண் கட்டடத்தை மட்டும் தேடக்கூடாது. காட்டுக்கு நடுவே வெள்ளைப் பனித்துளிப் பூக்கள் நேர்க்கோட்டில் பூத்திருந்தால் அங்கே பாதை ஓடியது. யூ மரங்கள் அடியில் நெருக்கமாகவும் ஒரே வரிசையாகவும் நின்றால், ஒரு காலத்தில் இடுப்பளவில் கத்தரித்து வைத்த வேலி அது. கத்தரி நின்றதும் மரமாகிவிட்டது. நம் காஞ்சொறி போல அரிக்கும் நெட்டில் அடர்ந்திருக்கும் இடத்தில் மண்ணில் பாஸ்பேட் அதிகம், ஆகவே தொழுவமோ எருக்குழியோ இருந்திருக்கும். மதிலில் ஒரு பக்கம் மட்டும் செங்கல், மறுபக்கம் கல் என்றால், செங்கல் பக்கம் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்துப் பழமரங்களுக்குக் கொடுத்த பக்கம். சில மதில்களுக்குள் புகைபோகும் குழாயே இருக்கும். பின்னால் அடுப்பு மூட்டிச் சுவரைச் சூடேற்றினார்கள். அப்புறம், கண்ணாடி வீட்டுக்குள் முளைத்த சைகமோர் சாய்ந்து கிடந்தால் அதன் வளையங்களை எண்ணிப் பார்க்கலாம். கடைசித் தோட்டக்காரர் எந்த வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனார் என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும்.

உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியின்றி நுழைவது பொதுவாக உரிமையியல் தவறு, போலீஸ் பிடித்துப்போகும் குற்றமல்ல. பூட்டை உடைத்தால், ஒரு கூரை ஓடு எடுத்துப் பையில் போட்டால் கதை மாறும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் நடக்கும் உரிமையைத் தாராளமாகத் தருகிறது, ஆனால் கட்டடத்துக்குள் தரவில்லை. வௌவால்கள் தங்கியிருந்தால் அவற்றைக் கலைப்பது 1981 முதல் குற்றம், யார் இடமாக இருந்தாலும். சட்டத்தைவிட எனக்குப் பயம் தரையின் மேல்தான். மேலே சொன்ன பிஸ்கட் தரை, முட்கொடி மூடிய கிணறு, லாயத்தின் பிற்காலக் கூரைகளில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் (1999-இல்தான் அங்கே முழுத் தடை வந்தது). தெரியாத தரையில் உத்தரம் ஓடும் இடத்தை ஒட்டி, சுவரோரமாக நடப்பவர்கள் உண்டு; உத்தரத்தின் நுனிதான் முதலில் அழுகுகிறது என்பதால் அந்த யுக்தியையும் நான் நம்பமாட்டேன். கேட்டு அனுமதி வாங்கிப் போவது, பகலில் போவது, தனியாகப் போகாமலிருப்பது. இவ்வளவுதான்.

அப்படியே விடுவதா, திருப்பிக் கட்டுவதா?

டெர்பிஷரில் கால்க் அபே என்ற மாளிகை இருக்கிறது. ஹார்ப்பர்-க்ரூ குடும்பம் வெளியாட்களை அண்டவிடாமல் வாழ்ந்த வீடு. 1962 வரை மின்சாரம் இல்லை. ஓர் அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். 1980-களின் தொடக்கத்தில் வாரிசு வரி தலைக்கு மேல் ஏறியபோது வெளியாட்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சீனப் பட்டுத் திரைகள் கொண்ட கட்டில் ஒன்று, பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தப்படாமலே கிடந்தது. வெயில் படாததால் நிறம் மாறவே இல்லை. 1985-இல் வீட்டை ஏற்ற நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளை, கூரையை அடைத்து, அழுகலை நிறுத்தி, உரிந்த சுவர்க் காகிதத்தை உரிந்தபடியே விட்டுவிட்டது. அழிவை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பது அவர்கள் முடிவு. கேட்க எளிது. நடைமுறையில் புதுப்பிப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அழிவு தானாக நிற்காது, அதையும் ஒருவர் தினமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹெலிகன்காரர்கள் வேறு வழி போனார்கள். பெரிய வீட்டைப் பற்றியும் பிரபுக் குடும்பத்தைப் பற்றியும் அதிகம் பேசாமல், தோட்டக்காரர்களின் வேலையையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கட்டடக்காரர் ஜான் நெல்சனும் ஸ்மிட்டோடு சேர்ந்துகொண்டார். 1992-இல் மக்களுக்குத் திறந்தார்கள். பழைய வகைக் காய்கறி, பழைய கருவி, பழைய முறை. காட்சிக்கு வைத்த தோட்டமாக இல்லாமல் விளையும் தோட்டமாக வைத்ததில்தான் அதன் சிறப்பு என்பேன். அங்கே கூலிக்கு ஆள் வைத்துத்தான் வேலை நடக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்குகிறவர்கள்தான் இப்போது பிரபு. கழிப்பறைச் சுவரை மட்டும் புதுப்பிக்கவில்லை. பென்சில் கையெழுத்துகளை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 2013-இல் லண்டனின் போர் அருங்காட்சியகம் அந்தச் சின்ன அறையைப் போர் நினைவிடமாக அங்கீகரித்தது.

அன்னாசிக் குழியையும் தோண்டி எடுத்துச் சீராக்கி, இருபுறமும் குதிரை லத்தி நிரப்பி, செடி வைத்தார்கள். வருடக்கணக்கான காத்திருப்புக்குப் பிறகு காய்த்தது. 1997-இல் அரசி இரண்டாம் எலிசபெத்தின் ஐம்பதாவது திருமண நாளுக்கு ஒரு பழம் அனுப்பினார்கள். அது அந்தக் குழியின் இரண்டாவது பழம். முதல் பழத்தைத் தோட்டத்து ஆட்களே வெட்டித் தின்று பார்த்தார்கள், லத்தி வாடை அடிக்கிறதா என்று.